கேட்டில் கழற்றிய செருப்பு

கோழிப் பண்ணையிலிருந்து ஓய்வு பெற்றவள் என்று தெரிந்ததும் எல்லோரும் என்னிடம் கேட்பது இரண்டே கேள்விதான். பறவைக் காய்ச்சல் பீதி வந்தபோது என்ன செய்தீர்கள் என்பது ஒன்று. முட்டை விலை ஏன் இப்படி ஏறி இறங்குகிறது என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு என்னிடம் நீளமான பதில் உண்டு. இரண்டாவதற்குப் பதில் தெரிந்திருந்தால் நான் ஏன் கடைசி வரை சூப்பர்வைசராகவே இருந்திருக்கப் போகிறேன்?

போன மாதம் சுகன்யா போன் செய்தாள். நான் பார்த்த வேலையை இப்போது அவள் பார்க்கிறாள். பண்ணையில் பழைய ஷெட்டுகளை இடித்துவிட்டு, நாலு பக்கமும் மூடி உள்ளே குளிர்காற்று ஓடவிடும் புது ஷெட்டுகள் கட்டுகிறார்கள். முட்டையைப் பெல்ட்டே உருட்டிக்கொண்டு வந்து கொடுத்துவிடுமாம். "அதெல்லாம் வந்தும் நடை குறையலீங்க்கா. காலையில எந்திரிச்சா குதிகாலக் கீழ வெக்க முடியல. அப்ப நீங்க என்ன மாத்திரை சாப்ட்டீங்க?" என்று கேட்டாள். நான் சொல்ல ஆரம்பிப்பதற்குள் ஷெட்டிலிருந்து அவளை யாரோ கூப்பிட்டுவிட்டார்கள். எழுதித் தருகிறேன் என்றேன். மாத்திரை பேர் கேட்டவளுக்கு இவ்வளவு பெரிய கதையா என்று அவள் அலுத்துக்கொள்ளலாம். என் கால் எனக்கு அவ்வளவு சுலபமாகத் திரும்பக் கிடைக்கவில்லை.

எனக்குப் பிறந்த ஊர் பரமத்தி வேலூர்ப் பக்கம். கல்யாணத்துக்கு முன்னால் வெற்றிலைக் கொடிக்காலில் வேலை. கொடிக்காலுக்குள் யாரும் செருப்புக் காலோடு நுழைய மாட்டார்கள், வரப்பிலேயே கழற்றிவிட வேண்டும். கல்யாணமாகி எருமப்பட்டிப் பக்கம் வந்தேன். வீட்டுக்காரர் நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். பண்ணையில் முதலில் முட்டை பொறுக்கினேன். பத்தாவது வரை படித்திருந்ததால் பிறகு தீவனக் கணக்கு எழுதச் சொன்னார்கள். அப்புறம் மூன்று ஷெட்டுக்குச் சூப்பர்வைசர் ஆக்கினார்கள். நான் தொழில் கற்ற கதை இவ்வளவுதான்.

பண்ணையின் கேட்டைப் பற்றிச் சொல்லாமல் என் காலைப் பற்றிச் சொல்ல முடியாது. கோழிக்கு வரும் சீக்கு பெரும்பாலும் மனிதர் காலில் ஏறித்தான் வரும். வேறு ஒரு பண்ணையின் எச்சத்தை மிதித்துவிட்டு ஒருவர் இங்கே வந்தால் போதும், ஷெட்டு முழுக்கப் படுத்துவிடும். அதனால் கேட்டில் ஒரு முறை உண்டு. வெளியில் போட்டு வந்த செருப்பை வேப்ப மரத்தடியில் இருக்கும் பலகையில் விட வேண்டும். குழாயடியில் முழங்கால் வரை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். சேலைக்கு மேல் பண்ணையின் நீலச் சட்டையை மாட்டிக்கொள்ள வேண்டும். ஒரு பெரிய பிளாஸ்டிக் டிரம்மில் பண்ணைச் செருப்புகள் கிடக்கும். கைக்குக் கிடைத்த ஜோடியைப் போட்டுக்கொண்டு, கத்தரிப்பூ நிறத்தில் மருந்துத் தண்ணீர் நிற்கும் தொட்டியில் இறங்கி ஏற வேண்டும். ஷெட்டு வாசலில் இன்னொரு சின்னத் தொட்டி. அதையும் தாண்டிச் சுண்ணாம்புத் தூளை மிதித்த பிறகுதான் கோழி முகத்தில் முழிக்கலாம்.

டிரம்மில் கிடப்பதெல்லாம் சாதா ரப்பர் செருப்பு. ஒன்று பெரிதாக இருக்கும், ஒன்று சின்னதாக இருக்கும், குதிகால் பக்கம் தேய்ந்து அப்பளக் கனத்துக்கு வந்திருக்கும். ஈரத்தோடு சிமெண்டுத் தரையில் நடந்தால் சறுக்கும். அதனால் பாதிப் பேர் அதையும் ஷெட்டு வாசலில் விட்டுவிட்டு வெறுங்காலோடுதான் கூண்டு வரிசைகளுக்கு நடுவே நடப்போம். தீவனம் போட, தண்ணீர்க் குழாய் பார்க்க, முட்டை பொறுக்க, செத்த கோழியை எடுக்க என்று விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை அந்தச் சிமெண்டு நடைபாதைதான் எங்களுக்கு உலகம்.

இந்த முறையை வைத்தவர் பண்ணையின் கால்நடை மருத்துவர். அவருக்கு நல்ல பெயர் ஒன்று உண்டு, ஆனால் நேரில் 'சார்', முதுகுக்குப் பின்னால் 'கோழி டாக்டர்' என்பதோடு சரி. பண்ணைக்கு மேனேஜரும் அவர்தான். கண்டிப்பானவர் என்றதும் கத்துகிறவர் என்று நினைக்க வேண்டாம். அவருக்குக் குரலே எழாது. காலையில் தொட்டிக்குப் பக்கத்தில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். வருகிறவர்களின் முகத்தைப் பார்க்க மாட்டார், காலைத்தான் பார்ப்பார். தலையோடு துணியைச் சுற்றிக்கொண்டு வந்தாலும் காலை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவார். விரலிடுக்கில் மண் தெரிந்தால் திட்ட மாட்டார். நம் காலை ஒரு பார்வை, குழாயை ஒரு பார்வை. நாமாகத் திரும்பிப் போய்க் கழுவிக்கொண்டு வர வேண்டும்.

முதலாளியின் மாப்பிள்ளை முதல் தடவையாகப் பண்ணை பார்க்க வந்த நாள் எனக்கு மறக்காது. பளபளவென்று தோல் ஷூ போட்டிருந்தார். கோழி டாக்டர் கும்பிட்டார்.

"வாங்க மாப்ள. ஷூவ மட்டும் இங்கயே உட்டுட்டு வாங்க."

மாப்பிள்ளை சிரித்தார். "காருல இருந்து இப்பத்தானுங்க எறங்குனேன். மண்ணயே மிதிக்கல."

"ஆமாங்க. கழட்டிட்டு வாங்க" என்றார் இவர், அதே குரலில்.

மாப்பிள்ளைக்கு முகம் சுண்டிவிட்டது. மாமனாரைத் திரும்பிப் பார்த்தார். முதலாளி குனிந்து தன் செருப்பைக் கழற்றிப் பலகையில் வைத்துவிட்டுக் குழாயடிக்குப் போனார். மாப்பிள்ளையும் வேறு வழியில்லாமல் பேண்டைச் சுருட்டிக்கொண்டு பின்னால் போனார். எங்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை, கூண்டுகளுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டோம். அன்றிலிருந்து எனக்கு அந்தக் கேட்டின் மேல் ஒரு கர்வம். சூப்பர்வைசர் ஆன பிறகு, கோழி டாக்டர் வராத நாட்களில் தொட்டிக்குப் பக்கத்தில் கை கட்டிக்கொண்டு நின்றவள் நான்தான். என்னிடமும் ஒரு வெளிச் செருப்பு தப்பியதில்லை.

நாற்பத்தைந்து வயதைத் தாண்டியதும் வலி வந்தது. ஒரு நாள் விடியற்காலையில் பாயிலிருந்து எழுந்து முதல் அடி வைத்தேன். வலது குதிகாலில் ஆணி அடித்தது போலிருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நாலைந்து அடி நடந்ததும் மெல்லக் குறைந்தது. பண்ணையில் நடந்துகொண்டே இருந்தால் தாங்கிக்கொள்ளலாம். சாப்பிட உட்கார்ந்து எழுந்தால் மறுபடி ஆணி. சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது கால் என்னுடையதாக இருக்காது.

வைத்தியத்துக்குப் பஞ்சமில்லை. செங்கல்லை அடுப்பில் சுட்டு, அதன் மேல் எருக்கிலையைப் போட்டுக் குதிகாலை வைத்து அழுத்தச் சொன்னார்கள். செய்தேன். இதமாக இருந்தது, மறுநாள் காலையில் ஆணி இருந்த இடத்திலேயே இருந்தது. கல்லுப்புப் போட்ட வெந்நீரில் கால் ஊற வைத்தேன். மருந்துக் கடையில் கேட்டு மாத்திரை வாங்கி விழுங்கினேன், வயிறு எரிந்தது. நாமக்கல்லில் ஒரு டாக்டரிடம் போனேன். அவர் குதிகாலிலேயே ஊசி போட்டார். ஊசி போட்டபோது நான் போட்ட கூச்சலில் வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் பாதிப் பேர் எழுந்து போயிருப்பார்கள். ஆனால் பொய் சொல்லக் கூடாது, இரண்டு மாதம் வலியே இல்லை. பிறகு வட்டியும் முதலுமாகத் திரும்பி வந்தது.

அவரே ஒரு செருப்பும் எழுதிக் கொடுத்தார். உள்ளே மெத்தென்று, குதிகால் உட்காரப் பள்ளம் வைத்த கறுப்புச் செருப்பு. ஆடியில் வாங்கினேன். ஒரு நாள் விடாமல் போட்டேன். வெறும் செருப்பில் வலி போய்விடுமா என்று வீட்டில் எல்லோரும் கேட்டபோதுகூட, டாக்டர் சொன்னதைச் செய்ய வேண்டும் என்று நான்தான் வாதாடினேன். ஐப்பசி வந்தது, கார்த்திகை வந்தது. வலி குறையவில்லை. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு வேறு ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், குதிகால் எலும்பில் முள் வளர்ந்திருக்கிறது என்றார்கள். படத்தில் எனக்கே தெரிந்தது. ரோஜா முள் போல ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. பொங்கல் கழித்து ஆபரேஷன் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள்.

அதற்குள் பண்ணையில் என் நடை எல்லோர் கண்ணிலும் பட்டுவிட்டது. முதலாளி தங்கமான மனிதர். ஒரு நாள் கூப்பிட்டு, "பாவாயக்கா, சித்திரை பொறக்கட்டும். அதுக்குள்ள காலு நேராச்சுன்னா சரி. இல்லீன்னா கேட்டுல ஒரு சேர் போட்டுக்கலாம். வர்ற வண்டியப் பாத்து உள்ள உட்டீங்கன்னாப் போதும்" என்றார்.

உட்கார வைத்துச் சம்பளம் தருகிறேன் என்றால் யார் வேண்டாம் என்பார்கள்? நான் வேண்டாம் என்பேன். ஷெட்டுக்குள் ஒரு சுற்று நடந்தால் எந்த வரிசையில் தண்ணீர் வரவில்லை, எந்தக் கூண்டில் கோழி தலையைத் தொங்கப் போட்டிருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிடும். அந்த நடைதான் நான். என்னைக் கேட்டில் உட்கார வைத்துவிட்டு இன்னொருத்தி உள்ளே நடப்பதைப் பார்த்துக்கொண்டு இருப்பதா? சிரித்துக்கொண்டே "சரிங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்று ராத்திரி வீட்டுக்காரரிடம் எரிந்து விழுந்தேன். அவர் பாவம், சாப்பாட்டில் உப்பு குறைவு என்று மட்டும்தான் சொல்லியிருந்தார்.

என் தங்கை செல்வி அயோத்தியாப்பட்டணத்தில் இருக்கிறாள். அவள் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து, சேலத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நடக்கப் பழக்கிவிட்டார்கள். ஆபரேஷன் என்றதும் போனிலேயே சத்தம் போட்டாள். "கத்தி வெக்கறதுக்கு முந்தி எங்க டாக்டரம்மாவ ஒரு தடவ பாரு. அவங்க எலும்ப வெட்டறவங்க இல்ல, நடக்க வெக்கறவங்க." மார்கழிப் பனியில் முதல் பஸ்ஸைப் பிடித்தேன். பஸ்ஸில் உட்கார்ந்தே போனதால், சேலத்தில் இறங்கி முதல் அடி வைத்தபோது கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். பின்னால் இறங்க வேண்டியவர்கள் எல்லாம் என்னைத் திட்டினார்கள்.

டாக்டரம்மாவின் அறைக்கு வெளியே செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. நானும் என் செருப்பை ஓரமாக விட்டுவிட்டு உள்ளே போனேன். முப்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது அந்த அம்மாவுக்கு. எக்ஸ்ரேயை வாங்கி ஒரு பார்வை பார்த்துவிட்டு மேசையில் வைத்துவிட்டார். கட்டிலில் படுக்க வைத்து, கட்டைவிரலால் குதிகாலை ஒவ்வோர் இடமாக அழுத்திக்கொண்டே வந்தார். உள் பக்கமாக ஓர் இடத்தில் அழுத்தியதும் நான் துள்ளினேன். விரல்களை மேலே மடக்கிப் பார்த்தார், கெண்டைக்கால் சதையைப் பிடித்துப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"மெத்துன்னு இருக்கற செருப்பு போடச் சொன்னாங்களாம்மா?"

"சொன்னாங்க. போடறனுங்க டாக்டர். ஒரு நாள் உடல."

"எங்க, காட்டுங்க பாக்கலாம்."

"வெளிய உட்டுருக்கறனுங்க."

"எடுத்துட்டு உள்ள வாங்க."

எனக்குக் கூசியது. டாக்டர் அறைக்குள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வருவதா? தயங்கித் தயங்கி எடுத்து வந்து கதவோரம் வைத்தேன். அவர் எழுந்து வந்து, நான் தடுப்பதற்குள், செருப்பைக் கையில் எடுத்துத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தார். கடையில் வாங்கியபோது இருந்த கோடுகள் அப்படியே இருந்தன. ஓரம்கூடத் தேயவில்லை.

"இது எப்ப வாங்குனது?"

"ஆடியிலங்க."

"இப்ப மார்கழி. இதப் போட்டு நீங்க நடக்கவே இல்லியேம்மா."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "நான் என்னத்துக்குங்க பொய் சொல்றேன்? ஒரு நாள்கூட இது இல்லாம நான் ஊட்ட உட்டுக் கெளம்புனதில்ல!"

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஸ்டூலை இழுத்து என் எதிரே போட்டு உட்கார்ந்தார். "சரி. காலையில எழுந்ததுலேருந்து சொல்லுங்க. எங்க போடறீங்க, எங்க கழட்டறீங்க, அது மட்டும் சொல்லுங்க."

சொன்னேன். எழுந்ததும் வாசல் பெருக்க, அடுப்படியில் சமைக்க, துணி துவைக்க எல்லாம் வெறுங்கால். வீட்டுக்குள் யார் செருப்புப் போடுவார்கள்? கிளம்பும்போது வாசற்படியில் செருப்பைப் போட்டு மொபெட்டில் ஏறுவேன். பண்ணைக் கேட்டில் இறங்கி, பலகையில் கழற்றிவிடுவேன். அதற்கப்புறம் பொழுதுக்கும் டிரம் செருப்பு, இல்லாவிட்டால் வெறும் சிமெண்டு. சாயங்காலம் பலகையிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டு மொபெட்டில் ஏறுவேன். வீட்டு வாசலில் கழற்றிவிடுவேன்.

சொல்லச் சொல்ல என் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் நானே நிறுத்திவிட்டேன். கோயில், ரேஷன் கடை, பள்ளிக்கூடம் என்று சேர்த்துப் பார்த்தாலும் அந்தச் செருப்பில் நான் நடந்த நடை ஒரு தெரு நீளம் தேறாது.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "உங்க செருப்பு தினம் வண்டியில சவாரி போயிட்டு வருது. நடக்கறது நீங்க."

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்தது. ஆறு மாதமாகச் சொன்னபடி நடந்தும் குணமாகவில்லையே, என் உடம்பில்தான் என்னவோ கோளாறு என்று உள்ளுக்குள் செத்துக்கொண்டிருந்தேன். மருந்து வேலை செய்யாமல் போகவில்லை, நான் இன்னும் அதைச் சாப்பிடவே ஆரம்பிக்கவில்லை என்று தெரிந்தபோது அப்படி ஒரு நிம்மதி.

முள்ளைப் பற்றியும் கேட்டேன். "இந்த முள்ளு இருக்கற நெறைய பேருக்கு வலியே இருக்காதும்மா. உங்களுக்கு வலிக்கறது குதிகாலிலேருந்து விரல் வரைக்கும் அடியில ஓடற பட்டை. அது புண்ணாப் போயிருக்கு. அதுக்கு ஓய்வு குடுங்க, நீட்டி விடுங்க. மூணு நாலு மாசம் பொறுங்க. அதுக்கும் கேக்கலன்னா மத்தது யோசிக்கலாம்" என்றார். எழுந்திருப்பதற்கு முன்னால் படுக்கையில் உட்கார்ந்தபடியே விரல்களுக்குக் கீழே உள்ளங்காலில் துண்டைச் சுற்றி நம் பக்கமாக இழுத்துப் பிடிக்கச் சொன்னார். சுவரில் கை ஊன்றி, வலிக்கிற காலைப் பின்னால் வைத்து, குதிகால் தரையை விட்டு எழாமல் முன்னால் சாயச் சொன்னார். பாட்டிலில் தண்ணீர் நிரப்பி ஐஸாக்கி, சாயங்காலம் அதைப் பாதத்துக்கு அடியில் வைத்து உருட்டச் சொன்னார். சர்க்கரை இருக்கிறதா என்று ரத்தம் எடுத்துப் பார்த்தார், இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று சொன்னார். தரையில் கால் படுகிற எந்த இடத்திலும் செருப்பு இருக்க வேண்டும், வீட்டிலும் வேலையிலும்.

வீடு பெரிய பிரச்சினையாக இருக்கும் என்று நினைத்தேன். வீட்டுக்காரர் அன்றே இன்னொரு ஜோடி வாங்கி வந்து பாய்க்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். "சாமி படத்துக்கிட்ட மட்டும் கழட்டிக்க. மத்த எடத்துல எவன் கேக்கறான்?" என்றார். உப்புக்காக எரிந்து விழுந்ததற்கு அன்றைக்கு நல்ல குழம்பு வைத்தேன்.

பண்ணைதான் பயமாக இருந்தது. மாப்பிள்ளையின் ஷூவையே உள்ளே விடாத மனிதரிடம் என்ன சொல்லிக் கேட்பது? மறுநாள் கேட்டில் கால் கழுவிவிட்டு, டிரம்மில் கை வைக்காமல் தொட்டிக்கு இந்தப் பக்கமே நின்றேன். அவர் என் காலைப் பார்த்தார். டாக்டரம்மா சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன்.

"வெளிச் செருப்பு உள்ள வராதுங்க" என்றார்.

"வேண்டாங்க சார். புதுசா ஒரு ஜோடி. உள்ளயே கெடக்கட்டும். ஒரு நாளும் கேட்டத் தாண்டி வெளிய வராது."

அவர் திரும்பி ஆபீஸ் பக்கம் போய்விட்டார். நான் டிரம் செருப்பையே போட்டுக்கொண்டு உள்ளே போனேன். மத்தியானம் என்னைத் தேடிக்கொண்டு ஷெட்டுக்கு வந்தார். "வார் தோலாங்க, ரப்பராங்க?" என்று கேட்டார். தோல் என்றேன். தோல் மருந்துத் தண்ணீரைக் குடித்துவிடும், சீக்கும் அதற்குள் ஒளிந்துகொள்ளும், அது ஆகாது என்றார். முழுக்க ரப்பரில் வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். அதை மருந்துத் தண்ணீரில் ஒரு ராத்திரி முழுக்க ஊறப் போட்டார். காலையில் பார்த்தால் மெத்தைப் பகுதி தனியாகவும் அடிப்பகுதி தனியாகவும் மிதந்தன. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் இரண்டையும் கையில் எடுத்து ஆராய்ந்து பார்த்தார், செத்த கோழியை அறுத்துப் பார்ப்பாரே அதே மாதிரி. "ஒட்டுனது நிக்காதுங்க. தெச்சு வாங்கிட்டு வாங்க" என்றார். செருப்புக் கடையில் சொல்லி, ஒட்டுக்கு மேல் சுற்றிலும் தையல் போட்டு வாங்கி வந்தேன். மறுபடி ஊறல். இந்த முறை அசையவில்லை. பெயிண்டால் அதில் ஒரு கோடு போட்டு, தொட்டிக்கு அந்தப் பக்கம் தனியாக ஓர் ஆணி அடித்து மாட்டினார். அவர் சுபாவம் அவ்வளவுதான். பாராட்டும் இல்லை, பரிவான பேச்சும் இல்லை.

தை முழுக்க வலி இருந்தது. ஆபரேஷனுக்குச் சொன்ன நாள் வந்தது. போகாமல் விட்டது சரிதானா என்று மனம் அடித்துக்கொண்டது. துண்டை இழுத்தேன், சுவரில் சாய்ந்தேன், பாட்டிலை உருட்டினேன். மாசியில் ஒரு நாள் சாப்பிட்டு எழுந்தபோது வலி வருமென்று பல்லைக் கடித்தேன், பாதிதான் வந்தது. பங்குனியில் சாயங்காலம் கால் என்னுடையதாகவே வீட்டுக்கு வந்தது. முதலாளி நான் நடப்பதைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, கேட்டில் போட வாங்கிய சேரை ஆபீஸுக்குள் எடுத்துப் போகச் சொன்னார். அந்தச் சேர் போவதைப் பார்த்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தை இப்போது எழுதும்போதும் உணர முடிகிறது.

இதோடு கதை முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். சித்திரையில் ஒரு நாள் என் செருப்பை ஆணியிலிருந்து எடுத்தால் நனைந்திருந்தது. ராத்திரி முழுக்கத் தொங்கியது எப்படி நனையும்? இரண்டு மூன்று நாள் கவனித்தேன், தினமும் ஈரம். எனக்குச் சுள்ளென்று ஏறியது. ஒரு நாள் வழக்கத்தை விட முன்னதாகவே போனேன். ஆணியில் செருப்பு இல்லை. ஷெட்டுக்குள் விடியற்காலைத் தீவனம் போட்டுக்கொண்டிருந்த ராசம்மாவின் காலில் இருந்தது.

"ஏன் ராசம்மா, இது யார் செருப்பு?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உங்களுதுதானுங்க்கா. நீங்க வாரதுக்குள்ள ஒரு நடை போட்டுட்டு, கழுவி மாட்டிப் போடறதுதானுங்க."

"எத்தன நாளா நடக்குது இது?"

"எனக்குத் திங்கக்கெழமயும் வெசாலக்கெழமயும் மட்டுந்தானுங்க. மத்த நாளு மாராயி, சரசு எல்லாம் போடறாங்க" என்றாள். முறை வைத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்! திட்டத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் அவள் கழற்றிவிட்டு வெறுங்காலைச் சிமெண்டில் வைத்த விதத்தைப் பார்த்தேன். குதிகாலைத் தரையில் ஊன்றாமல் முன்பாதத்தில் நின்றாள். அந்த நிற்பு எனக்குத் தெரியாதா?

"உனக்குங் குதிகாலா?"

"ஆமாங்க."

"மத்தவங்களுக்கு?"

"எல்லாத்துக்குந்தானுங்க."

"பின்ன என்ன எழவுக்கு எங்கிட்டச் சொல்லல?"

ராசம்மா என்னைப் புரியாமல் பார்த்தாள். "நீங்களே பல்லக் கடிச்சுக்கிட்டு நடந்தீங்க. இந்த வேலைன்னா இப்பிடித்தானாட்டம் இருக்குதுன்னு நாங்களும் நடந்தோமுங்க."

கோபம் போன இடம் தெரியவில்லை. கோழி டாக்டர் தொட்டிக்கு வந்ததும் நேரே போய் அவரைக் கூட்டி வந்தேன். அவர் எல்லோரையும் ஷெட்டு வாசலில் நிற்க வைத்து, காலையில் எழுந்ததும் குதிகால் வலிக்கிறவர்கள் கை தூக்குங்கள் என்றார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு மெதுவாகத் தூக்கினார்கள். தூக்காத கை இரண்டோ மூன்றோதான்.

"தெனம் உங்க காலத்தான் பாத்துட்டு நிக்கறேன். சீக்கு வருதான்னு மட்டும் பாத்துப்போட்டேன்" என்றார். அவர் குரல் அன்றைக்கும் எழவில்லை.

முதலாளியிடம் அவரே பேசினார். எல்லோருக்கும் தையல் போட்ட மெத்தைச் செருப்பு வாங்குவது என்று ஆனது. வலி அதிகமாக இருந்தவர்களை நான் சேலத்துக்கு டாக்டரம்மாவிடம் கூட்டிப் போவது என்றும் பேசிக்கொண்டோம். கடையில் அளவு கேட்டார்கள். அங்கேதான் சிக்கல். ஒருத்திக்கும் தன் கால் அளவு தெரியவில்லை. டிரம்மில் கிடைத்ததைப் போட்டவர்களுக்கு அளவு எதற்கு?

கோழி டாக்டர் மருந்துப் பெட்டிகளைப் பிரித்து அட்டையைத் தரையில் விரித்தார். மார்க்கர் பேனாவை எடுத்துக்கொண்டு கீழே மண்டி போட்டு உட்கார்ந்தார். ஒவ்வொருத்தரையும் அட்டை மேல் நிற்கச் சொல்லிப் பாதத்தைச் சுற்றிக் கோடு போட்டார். பெண்கள் பதறினார்கள். "ஐயோ, நீங்க போயி எங்க காலத் தொடறதுங்களா, வேண்டாமுங்க சார்!" அவர் நிமிரவே இல்லை. "எத்தன கோழிக் காலப் புடிச்சிருக்கறேன். இதுல என்னங்க இருக்குது, நில்லுங்க." ராசம்மா தன் கோட்டைக் குனிந்து பார்த்துவிட்டு, "எம்பட காலுங்களா இது? இத்தன பெருசா?" என்று வாயில் கை வைத்தாள். எல்லோரும் அவரவர் அட்டையை எடுத்து எடுத்துப் பார்த்தார்கள்.

கடைசியாக நான் ஏறி நின்றேன். ஒரு காலைச் சுற்றிக் கோடு போட்டார், அடுத்த காலுக்கு நகர்ந்தார். பாதி கோட்டில் பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். அத்தனை வருடத்தில் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"வலி எப்பிடிங்க இருக்குது?"

"எந்தக் காலுல சார் வலிச்சுது?" என்று கேட்டுவிட்டேன். விளையாட்டுக்கு இல்லை. சத்தியமாக அந்த நிமிடம் எனக்கு நினைவுக்கு வரவில்லை.